வக்கீல் ஆபீஸ் கணக்கைப் பிரித்துக் கட்டிய இரண்டு மாதம்

2024 அக்டோபர் முதல் வாரம். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம், மாடியில் இருக்கும் ஒரு வக்கீல் ஆபீஸ். என் முன்னால் வைத்தவை: நீள நோட்டு மூன்று, வழக்கு டைரி இரண்டு, பாஸ்புக் ஒன்று, அப்புறம் ஒரு பிஸ்கட் டின். டின் நிறையச் சீட்டுகள். மூடியைத் திறந்ததுமே பூஞ்சை வாடை. வெளியே புரட்டாசி மழை தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மஞ்சுமூட்டம் தவிர எதுவும் தெரியவில்லை.

நான் திண்டுக்கல்லில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். இங்கே கடைகள், தங்கும் விடுதிகள், இரண்டு பூண்டு வியாபாரிகள் என்று கணக்கு எழுதுகிறேன். வக்கீல் ஆபீஸ் எனக்கு இதுதான் முதல்.

கூப்பிட்டதற்குக் காரணம் பூம்பாறைக்காரர் ஒருவர். மலைப்பூண்டு விவசாயி. வடுகபட்டி வியாபாரி ஒருவர் இவருக்கு நாலு லட்சம் பாக்கி வைக்க, 2022-இல் பெரியகுளம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி வெளியிலேயே சமாதானம் ஆகிவிட்டது. பாக்கியைத் தவணையாகக் கொடுத்த வியாபாரி, கடைசித் தவணை அறுபதாயிரத்தை விவசாயிக்கு அனுப்பாமல் வக்கீல் கணக்குக்கு அனுப்பிவிட்டார். ஆபீஸின் மூத்த வக்கீல், அதாவது சீனியர், அதில் ஐம்பதாயிரத்தை விவசாயியிடம் கொடுத்தார். மீதிப் பத்தாயிரம் ஃபீஸ் பாக்கிக்குச் சரி என்று நினைத்துக்கொண்டார்.

விவசாயி அப்படி நினைக்கவில்லை. ஒருநாள் வந்து, "வக்கீலய்யா, கோபம் இல்ல, கணக்கு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்றிருக்கிறார். அந்தப் பேப்பரைத்தான் யாராலும் எழுத முடியவில்லை. நோட்டில் அவர் பெயருக்கு நேரே "பூம்பாறை 25" என்று இருந்தது. 25 என்ன, ஃபீஸா, கோர்ட் ஃபீயா, எதுவும் இல்லை.

முதல் இரண்டு நாளை நான் வீணாக்கினேன். கடைக்கு எழுதுவது போலவே எழுதிவிட்டேன்: பாஸ்புக்கில் வரவெல்லாம் வருமானம், பற்றெல்லாம் செலவு. கூட்டிப் பார்த்தால் 2023-24 வருமானம், சீனியர் வாங்கும் ஃபீஸைவிட மூன்று லட்சத்துக்கு மேல் அதிகமாக வந்தது. அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவ்வளவு சம்பாதிச்சா நான் ஏம்மா பெரியகுளத்துக்குப் பஸ்ல போறேன்?"

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது. வக்கீலிடம் வரும் பணத்தில் பாதி அவருடையதே இல்லை. கோர்ட் ஃபீ கட்டக் கொடுத்தது, சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டாவுக்குக் கொடுத்தது, எதிர்த்தரப்பு அனுப்பியது. இவர் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான். பூண்டு மண்டியில் கமிஷன் ஏஜென்ட்டிடம் கிடக்கும் விவசாயி பணம் மாதிரி. மண்டிக் கணக்கு எழுதுகிற எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

சீனியரே அலமாரியிலிருந்து இந்திய பார் கவுன்சில் விதிகளை எடுத்துப் போட்டார். கட்சிக்காரருக்கு வக்கீலின் கடமைகள் என்ற பகுதியில் 25 முதல் 32 வரை படித்தாலே போதும், இந்த ஆபீஸுக்கு வேண்டிய கணக்கு முறை முழுவதும் அதில் இருக்கிறது. கட்சிக்காரர் பணத்துக்குத் தேதியோடு கணக்கு வைக்கவேண்டும். வந்தது ஃபீஸா செலவுக்கா என்று பதிவிலேயே குறிக்கவேண்டும். வழக்கு நடக்கும்போது, செலவுக்கு வந்ததை ஃபீஸாக எடுக்க, கட்சிக்காரர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். அவர் சார்பில் பணம் வந்தால் சீக்கிரம் தெரிவிக்கவேண்டும். வழக்கு முடிந்த பிறகு மீதியைப் பேசிய ஃபீஸில் கழித்துக்கொள்ளலாம். கேட்டால், நகல் எடுக்கும் செலவை வாங்கிக்கொண்டு, கணக்கின் நகல் கொடுக்கவேண்டும். கையில் இருக்கும் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது. சீனியர் இதையெல்லாம் சட்டப் படிப்பில் படித்தவர்தான். நோட்டில் கோடு போட்டுத் தர ஆள் இல்லை, அதுதான் குறை.

இனி வேலை. முதலில் டின். சீட்டுகளை மேஜையில் பரப்பி, ரூம் ஹீட்டரைத் தள்ளி வைத்து, ஒருநாள் முழுக்க உலர்த்தினோம். குமாஸ்தா அண்ணன் ஹீட்டரைப் பக்கத்தில் நகர்த்திவிட்டார். பளபளப்பான ரசீதுகளெல்லாம் கறுத்துப்போயின. அது சூட்டில் அச்சாகும் காகிதம், சூடு பட்டால் அப்படித்தான் ஆகும். அவை கறுத்தது போக, வேறு பல ஏற்கெனவே ஈரத்தில் வெளுத்து வெறும் தாளாகியிருந்தன. அந்த மாதிரி ரசீதை வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்துக் கேஸ் கட்டுக்குள் வைக்கவேண்டும் என்பதை அன்று சுவரில் எழுதி ஒட்டினேன். மலையில் எந்தக் காகிதமும் நாள்பட நிற்பதில்லை.

ரசீது போனால் என்ன செய்வது? இங்கே வக்கீல் ஆபீஸ் மற்ற இடங்களைவிடக் கொடுத்துவைத்தது. செலவின் சுவடு கேஸ் கட்டிலேயே இருக்கிறது. பிராது, அதாவது வழக்கு மனுவின் நகலில் கட்டிய கோர்ட் ஃபீ எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் பண வழக்குக்கான கோர்ட் ஃபீயை 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைத்துவிட்டார்கள், ஆகவே நாலு லட்சத்துக்கு 12,000. பிராதிலும் அதே தொகைதான் இருந்தது. சான்றிட்ட நகலின் பின்பக்கத்தைத் திருப்பினால் மனுப் போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். பேட்டா மெமோவின் ஆபீஸ் பிரதி இருந்தது. போய்வந்த நாட்களுக்கு டைரியின் வாய்தாப் பக்கங்கள். இப்படிக் கட்டு கட்டாகப் பிரித்து, நாற்பத்தொரு நடப்பு வழக்குக்கும் ஆளுக்கொரு பக்கம் போட்டேன். மூன்று வாரம் ஆனது. வக்கீல் கட்டுகளின் சிவப்பு நாடாவை அவிழ்ப்பது சுலபம், அண்ணன் கட்டுவது போலத் திரும்பக் கட்டுவதுதான் கடைசி வரை எனக்கு வரவில்லை.

பக்கத்துக்குத் தலைப்பாக வழக்கு எண் போடலாம் என்று பார்த்தேன். சரிவரவில்லை. பணம் முதல் நாளே வந்துவிடும், பிராது ரிட்டர்ன் ஆகி, திருத்தி, திரும்பத் தாக்கல் செய்து நம்பர் ஆகப் பல வாரம் போகும். அதனால் ஆபீஸுக்கென்று ஒரு கட்டு எண்: வருடம், அடுத்து வரிசை. ஆள் படியேறி வந்து பணம் வைத்த நிமிடமே எண் விழுந்துவிடும். கோர்ட் எண் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளட்டும்.

பயணச் செலவில் ஒரு கோளாறு கண்ணில் பட்டது. ஒரே தேதியில், மூன்று கட்சிக்காரர்கள் பக்கத்திலும் "பெரியகுளம் கார் 3,900". ஒரு காருக்கு மூன்று பேரிடமும் முழு வாடகை! அண்ணனைக் கேட்டேன். "மறந்துடக் கூடாதுன்னு எல்லாத்துலயும் எழுதி வச்சேன் பாப்பா. அப்புறம் பிரிக்கலாம்னு." அந்த அப்புறம் வரவே இல்லை. மூவரில் ஒருவர் முழுத்தொகையையும் கொடுத்தும் இருந்தார். அவருக்கு 2,600 திருப்பவேண்டியதாயிற்று.

எப்படிப் பிரிப்பது என்பதில் சீனியருக்கும் எனக்கும் ஒரு மதியம் முழுக்க வாதம். அன்று மூன்றில் ஒன்று வெறும் வாய்தா. வேலை நடக்காதவரிடம் எப்படி வாங்குவது என்பது அவர் கட்சி. வண்டி காட்ரோடு இறங்கும்போது வாய்தா ஆகுமென்று யாருக்குத் தெரியும், மூவருக்காகவும்தான் கிளம்பியது என்பது என் கட்சி. வக்கீலிடம் வாதாடி ஜெயிப்பது சாதாரணமா? கடைசியில் சம பங்கு என்று முடிவாகி, அதைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதினோம். எந்த முறை என்பதைவிட, ஒருமுறை முடிவு செய்ததை ஆளுக்கு ஆள் மாற்றாமல் இருப்பதே பெரிது. அந்தப் பயணத்தில் பூம்பாறைக்காரர் பங்கு 1,300. பஸ்ஸில் தனியாக அவர் வழக்குக்கு மட்டும் போய்வந்தது நான்கு முறை, தலா 340.

அவர் பக்கம் இப்படி முடிந்தது. வரவு: முதல் நாள் 25,000, அடுத்த வருடம் 10,000, எதிர்த்தரப்பு அனுப்பியது 60,000. ஆக 95,000. பற்று: கோர்ட் ஃபீ 12,000, பேட்டா, டைப்பிங், நகல் எல்லாம் சேர்த்து 1,840, பயணம் 2,660, அவரிடம் கொடுத்தது 50,000, பேசிய ஃபீஸ் 20,000. ஆக 86,500. இருப்பு 8,500. சீனியர் தனக்குக் கணக்கு நேர் என்று நினைத்திருந்தார், விவசாயி தனக்குப் பத்தாயிரம் வரவேண்டும் என்று நினைத்திருந்தார். இரண்டும் இல்லை.

பேசிய ஃபீஸ் இருபதாயிரம் என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். டைரியில் ஓர் ஓரத்தில் பென்சிலால் இருந்தது, விவசாயியும் அதையே சொன்னார். இரண்டு பேர் ஞாபகமும் ஒத்துப்போனது அதிர்ஷ்டம். மற்ற வழக்குகளில் ஏழெட்டு இடத்தில் ஒத்துப்போகவில்லை. அதன் பிறகு வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே, ஃபீஸ் எவ்வளவு, செலவு தனியா சேர்த்தா என்று நாலு வரிக் கடிதம் ஒன்றிலும் கையெழுத்து வாங்கச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் அவர் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதினேன்: "வரவேண்டியது 12,000, கோர்ட் ஃபீ திருப்பம், கட்சிக்காரருடையது." வழக்கு சமாதானமாக முடிந்தால் முழுக் கோர்ட் ஃபீயும் திரும்பும். நீதிமன்றம் அனுப்பாமல் தாங்களே வெளியில் பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பணம் எந்த வழியாக வந்தாலும் அது விவசாயியின் வரவு. இதைச் சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்த மாதிரி வரப்போகும் பணத்தைப் பக்கத்தின் தலையிலேயே எழுதி வைக்கவில்லை என்றால், வரும் நாளில் அது ஏதோ ஒரு ஃபீஸ் என்று கரைந்துபோகும்.

அடுத்து, எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கும் தவறு. நாற்பத்தொரு பக்கத்தின் இருப்பையும் கூட்டினேன். 2,51,700. கட்சிக்காரர்கள் பணமாக ஆபீஸில் இருக்கவேண்டியது இவ்வளவு என்று சீனியரிடம் சொல்லியும் விட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது. ஆறு பக்கங்களில் இருப்பு எதிர்மறை: அவர்கள் கொடுத்ததைவிட ஆபீஸ் அதிகம் செலவழித்திருந்தது, மொத்தம் 34,700. நான் அதை மற்றவர்கள் பணத்திலிருந்து கழித்திருக்கிறேன். பண்ணைக்காட்டுக்காரர் கொடுத்த பணத்தில் தாண்டிக்குடிக்காரருக்கு நகல் வாங்கின மாதிரி ஆகிவிட்டது. அப்படிக் கழிக்கவே கூடாது. பாக்கி வைத்தவர்கள் வக்கீலுக்குத்தான் பாக்கி, இன்னொரு கட்சிக்காரருக்கு இல்லை. ஆகவே இருக்கவேண்டியது 2,86,400.

அந்த ஆறு பேர் விஷயமும் லேசானதல்ல. வழக்கு நடத்த வக்கீல் கட்சிக்காரருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்கிறது விதி 32. முன்பேச்சு எதுவும் இல்லாமல், நடந்துகொண்டிருக்கும் வழக்கில் கட்டாயத்தால் கோர்ட்டில் கட்ட நேர்ந்தால் மட்டும் விலக்கு. ஆறில் நாலு அப்படிப்பட்டவை. மற்ற இரண்டும் பழக்கத்துக்காகப் போட்டவை, அவர்களிடம் பேசி வாங்கினார்கள்.

சரி, இருக்கவேண்டியது 2,86,400. இருந்தது? சேமிப்புக் கணக்கில் 1,94,250, பெட்டியில் ரொக்கம் 3,150. ஒரே கணக்கில்தான் வீட்டுச் செலவு, பெட்ரோல், கரண்ட் பில் எல்லாம். அதில் கிடந்தது பூராவும் கட்சிக்காரர் பணமே என்று வைத்துக்கொண்டாலும் 89,000 குறைகிறது. சீனியர் நான் எழுதிய தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "ஜூன்ல பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினேன்மா." அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இது நேர்மை கெட்ட மனிதர் கதை இல்லை என்பதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பாஸ்புக்கில் பணம் இருக்கிறதே என்று எடுத்தார். அது யார் பணம் என்று பாஸ்புக் சொல்லாது.

அந்த வாரமே கட்சிக்காரர் பணத்துக்கென்று தனியாக ஒரு நடப்புக் கணக்கு தொடங்கினோம். வட்டி வராது, அதனால் வட்டி யாருக்கு என்ற கேள்வியும் வராது. வைப்பு நிதி ஒன்றை உடைத்துக் குறைந்ததை நிரப்பினார். பூம்பாறைக்காரரின் 8,500 அதிலிருந்து போன முதல் தொகை. அண்ணன் அதற்கு முன் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார்: பாக்கி உள்ள மற்றவர்கள் கட்டைத் திருப்பிக் கேட்டால், ஃபீஸ் தந்தால்தான் தருவோம் என்று வைத்துக்கொள்ளலாமே என்று. சீனியர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஃபீஸுக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தைய வருடம் ரிட்டர்ன் போட்டவர் நான் முதல் இரண்டு நாள் செய்த அதே தவறைச் செய்திருந்தார்: வங்கி வரவு மொத்தத்தையும் வருமானமாக எடுத்து, வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் பாதியை லாபமாகக் காட்டியிருந்தார். அதாவது ஊரார் கட்டின கோர்ட் ஃபீயில் பாதிக்குச் சீனியர் வருமான வரி கட்டியிருக்கிறார். டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்ன் போட நேரம் இருந்தது, போட்டோம். எதிர்ப்பக்கத்திலும் ஒரு குறை இருந்தது. ஒரு விடுதி வருடத்துக்கு 60,000 ஃபீஸில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்து 54,000 அனுப்புகிறது. நோட்டில் 54,000 மட்டுமே ஏறியிருந்தது. பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்து, வருமானம் 60,000, வரவேண்டிய வரி 6,000 என்று மாற்றினேன். ஜிஎஸ்டி அந்த விடுதியே, சேவை வாங்குகிறவர் கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில், கட்டவேண்டியது, வக்கீல் பதிவு செய்யத் தேவையில்லை.

பாதியை லாபமாகக் காட்டும் அந்த முறையில் போனால் வரிக்காகக் கணக்குப் புத்தகம் வைக்கவேண்டியதில்லை என்பதுதான் பல வக்கீல்களை நோட்டுப் போடாமலே இருக்க வைக்கிறது என்று நினைக்கிறேன். வருமான வரித்துறை கேட்காமல் விடலாம். பூம்பாறைக்காரர் கேட்பார்.

நவம்பர் கடைசியில் புது முறை ஓட ஆரம்பித்தது. இரண்டு நிறத்தில் ரசீதுப் புத்தகம், வத்தலக்குண்டில் அச்சடித்தது: ஃபீஸுக்கு வெள்ளை, செலவுக்கு மஞ்சள். பணம் நீட்டுகிறவரிடமே எதற்கென்று கேட்டுத்தான் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று தெரியும். இந்தக் கேள்வியைத்தான் முப்பது வருடமாக யாரும் கேட்கவில்லை. வெள்ளை ரசீதுப் பணம் சீனியர் கணக்குக்கு, மஞ்சள் ரசீதுப் பணம் புதுக் கணக்குக்கு. மாதக் கடைசியில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்: வங்கி அறிக்கை, வரவு செலவுப் புத்தகம், நாற்பத்தொரு பக்க இருப்பின் கூட்டல். மூன்றும் ஒரே எண்ணாக வரவேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர் எனப்படும் வக்கீல்களுக்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்தாகவேண்டும் என்றே விதி இருக்கிறது. நம் ஊரில் அப்படி யாரும் கெடு வைக்கவில்லை, நாங்களே வைத்துக்கொண்டோம்.

முதல் மாதம் 340 இடித்தது. தொகையைப் பார்த்ததுமே ஜூனியர் பெண் சிரித்துவிட்டாள், பெரியகுளம் பஸ். டிக்கெட் அண்ணன் ஸ்வெட்டர் பையில் இருந்தது.

இன்னும் தீராத ஒன்று உண்டு. டின்னின் அடியில் ஒரு கவர், மேலே "மன்னவனூர் 5,000", உள்ளே பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். மன்னவனூரில் இந்த ஆபீஸுக்கு மூன்று கட்சிக்காரர்கள். மூவருமே தாங்கள் கொடுத்ததில்லை என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் பணத்தை ஃபீஸில் சேர்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டார், அது யார் என்று சொல்லமாட்டேன். இப்போதைக்கு நாற்பத்திரண்டாவது பக்கம் ஒன்று போட்டு, "உரியவர் தெரியாது" என்று தலைப்பு எழுதி, 5,000-ஐ அதில் வரவு வைத்திருக்கிறேன்.